விண்டோஸுக்கு விஎல்சியை மூலநிரலிலிருந்து கட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விஎல்சி மீடியா ப்ளேயரின் மூலநிரலை எடுத்து, விண்டோஸில் ஓடும் நிரலாக அதைத் தாமே கம்பைல் செய்ய (மூலநிரலைக் கணினி இயக்கும் கோப்பாக மாற்ற) முயல்வோர் திரும்பத் திரும்ப எழுப்பும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன. 3.0 வரிசையையும் 4.0 பதிப்புக்கான மேம்பாட்டுக் கிளையையும் மனத்தில் கொண்டு இவை எழுதப்பட்டுள்ளன. லினக்ஸ் முனையத்தில் கோப்புறை மாறவும், கட்டளை ஒன்றை இயக்கவும், கிட் மூலம் மூலநிரலைப் பிரதி எடுக்கவும் தெரிந்திருந்தால் போதும்.

ஆயத்த நிறுவி இலவசமாகக் கிடைக்கும்போது நாமே ஏன் கட்ட வேண்டும்?

படம் பார்ப்பதற்கு மட்டும் என்றால் வேண்டியதில்லை. நிரலில் ஒரு திருத்தம் செய்து பார்க்க வேண்டும், ஒரு பிழை எந்த மாற்றத்தோடு உள்ளே வந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும், தேவையற்ற பகுதிகளை நீக்கிய சிறிய லிப்விஎல்சி (விஎல்சியின் வேலைகளைப் பிற செயலிகளுக்குத் தரும் பகுதி) ஒன்றைத் தம் செயலியோடு இணைக்க வேண்டும் என்பவர்களுக்கே இந்த உழைப்பு பயன் தரும்.

'என் கணினியின் செயலகத்துக்கென்றே கம்பைல் செய்தால் வேகமாக ஓடும்' என்ற எதிர்பார்ப்போடு தொடங்குவோரும் உண்டு. அந்த எதிர்பார்ப்பு பெரும்பாலும் பொய்த்துப் போகும். காணொளியை விரித்துக் காட்டும் வேலையில் நேரத்தை விழுங்கும் பகுதிகள் எஃப்எஃப்எம்பெக், டேவ்1டி போன்ற நிரலகங்களில் (பிற நிரல்கள் எடுத்தாளும் ஆயத்த நிரல் தொகுப்புகளில்) அசெம்பிளி மொழியில் கையாலேயே எழுதப்பட்டவை. செயலகம் எந்தக் கட்டளைத் தொகுதிகளை அறியும் என்று ஓடும்போதே பார்த்து, அதற்கேற்ற வடிவத்தை அவை தாமே தேர்ந்துகொள்கின்றன. ஆகவே ஆயத்த நிறுவியில் வரும் அதே வேகம்தான் உங்கள் பில்டிலும் (நீங்கள் கட்டிய பதிப்பிலும்) கிடைக்கும்.

விண்டோஸ் நிரலைக் கட்டுவதற்கு லினக்ஸ் எதற்கு?

விஎல்சி 1996இல் பிரான்ஸின் எகோல் சாந்த்ரால் பாரி கல்லூரியில் மாணவர் திட்டமாகத் தொடங்கி, 2001இல் ஜிபிஎல் உரிமத்தின் கீழ் வெளியானது. அதன் கட்டுமான முறை தொடக்கத்திலிருந்தே யுனிக்ஸ் வழி வந்தது: ஷெல் ஸ்கிரிப்டுகள், கணினியைச் சோதித்துப் பார்க்கும் 'கான்ஃபிகர்' ஸ்கிரிப்டை உருவாக்கும் ஆட்டோகான்ஃப், கம்பைல் வேலைகளை வரிசையாக நடத்தும் மேக். விண்டோஸுக்கான அதிகாரப்பூர்வ பில்டுகளும் டெபியன் லினக்ஸில், மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 கம்பைலர் மூலம் குறுக்குக் கம்பைல் செய்யப்படுபவையே. அதாவது, கம்பைலர் ஓடுவது லினக்ஸில். அது வெளியிடும் இஎக்ஸ்இ, டிஎல்எல் கோப்புகள் ஓடுவது விண்டோஸில்.

இதை விண்டோஸிலேயே செய்ய முடியாதா என்றால், எம்எஸ்ஒய்எஸ்2 (விண்டோஸில் யுனிக்ஸ் கருவிகளைத் தரும் தொகுப்பு) சூழலில் முடியும். ஆனால் பொறுமை வேண்டும். ஒரு கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் ஓடும்போது நூற்றுக்கணக்கான சிறு நிரல்களைத் தொடங்கித் தொடங்கி முடிக்கிறது. லினக்ஸில் ஒரு புதிய செயல்முறையைத் தொடங்குவது மிக மலிவான வேலை. விண்டோஸில் யுனிக்ஸின் 'ஃபோர்க்' என்பதைப் போலச் செய்துகாட்ட வேண்டியிருப்பதால் ஒவ்வொரு முறையும் தாமதம் சேர்கிறது. விஎல்சிக்கு ஒரே ஒரு கான்ஃபிகர் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அது சார்ந்திருக்கும் நிரலகங்கள் பலவற்றுக்கும் தனித்தனியே ஒன்று உண்டு என்பதே சிக்கல்.

விஷுவல் ஸ்டுடியோவில் (மைக்ரோசாஃப்டின் நிரலாக்கச் சூழலில்) திறந்து பில்டு பொத்தானை அழுத்த வழியில்லையா?

3.0 வரிசையின் மூலநிரலில் அதற்கான சொல்யூஷன் கோப்பே கிடையாது. ஜிசிசி, க்ளாங் ஆகிய கம்பைலர்களை நம்பி வளர்ந்த நிரல் அது. உங்கள் செயலி விஷுவல் ஸ்டுடியோவில் இருந்தால் விஎல்சியை அதில் கம்பைல் செய்யத் தேவையும் இல்லை: குறுக்குக் கம்பைல் முடிந்தபின் எஸ்டிகே கோப்புறையை உருவாக்கும் மேக் இலக்கு ஒன்று உள்ளது. அது தரும் தலைப்புக் கோப்புகளையும் லிப் கோப்புகளையும் உங்கள் திட்டத்தில் இணைத்தால் போதும்.

தொடங்குமுன் கணினியில் என்னென்ன இருக்க வேண்டும்?

டெபியன் அல்லது உபுண்டு, வழக்கமான கட்டுமானக் கருவிகள், மின்ஜிடபிள்யூ-டபிள்யூ64 கம்பைலர், வட்டில் தாராளமாக 30 ஜிபி காலியிடம். விஎல்சியை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பு தன் பில்டுகளுக்குப் பயன்படுத்தும் டாக்கர் படிமத்தையே (எல்லாக் கருவிகளும் உள்ளே அடங்கிய ஆயத்தச் சூழலையே) எடுத்துக்கொண்டால் கருவிகளின் பதிப்புப் பொருத்தம் பற்றிய கவலை முழுவதும் நீங்கிவிடும். முதல்முறை கட்டுவோருக்கு என் பரிந்துரை அதுதான்.

நினைவகத்தின் அளவுக்கும் இணையாக ஓடும் வேலைகளின் எண்ணிக்கைக்கும் தொடர்பு உண்டு. கியூட்டி போன்ற பெரிய சி++ நிரலகங்களில் ஒரு கோப்பைக் கம்பைல் செய்யவே சில வேளைகளில் 1 ஜிபி வரை தேவைப்படலாம். 8 ஜிபி நினைவகம் உள்ள கணினியில் 16 வேலைகளை ஒன்றாக ஓடவிட்டால், பாதி வழியில் 'கில்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு கம்பைலர் நின்றுபோகும். நிரலில் குற்றமில்லை, நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸ் கெர்னல் அதை நிறுத்தியிருக்கிறது. வேலைகளைக் குறைத்து மீண்டும் தொடங்கினால், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

டெபியனில் இந்தக் கம்பைலர் 'வின்32', 'போசிக்ஸ்' என்று இரண்டு திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) வடிவங்களில் வருகிறது. ஜிசிசி 13க்கு முந்தைய பதிப்புகளில் வின்32 வடிவத்தில் சி++ மொழியின் தரமான மியூட்டெக்ஸ், திரெட் வகுப்புகள் கிடையா. 'மியூட்டெக்ஸ் என்று ஒன்று ஸ்டாண்டர்டு பெயர்வெளியில் இல்லை' என்று கம்பைலர் அடம்பிடித்தால், டெபியனின் மாற்றுத் தேர்வுக் கட்டளை ('அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்') மூலம் போசிக்ஸ் வடிவத்துக்கு மாறுங்கள்.

இலக்கு அமைப்பின் பெயரில் 64, 32 இரண்டுமே இருக்கிறதே, எது சரி?

64 பிட்டுக்கான பெயர் 'எக்ஸ்86_64-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32' என்று இருக்கும். 32 பிட்டுக்கான பெயர் 'ஐ686-டபிள்யூ64-மின்ஜிடபிள்யூ32'. இதைக் கண்டு குழம்பாதவர் குறைவு. முதல் துண்டு மட்டுமே செயலகத்தைச் சொல்கிறது. 'டபிள்யூ64' என்பது கம்பைலர் திட்டத்தின் பெயரிலிருந்து வந்தது. கடைசியில் உள்ள '32' வின்32 என்ற பழைய பெயரின் எச்சம். இரண்டுமே மாறுவதில்லை.

'கான்ட்ரிப்' என்பது என்ன? அதை முழுவதும் கட்டியாக வேண்டுமா?

விஎல்சியின் சொந்த நிரல், இந்த வேலையின் சிறு பகுதிதான். காணொளி வடிவங்களைப் படிக்க எஃப்எஃப்எம்பெக், துணையுரைகளுக்கு லிப்ஆஸ், சாளரங்களுக்கு கியூட்டி, ஸ்கிரிப்டுகளுக்கு லூவா என்று பிறர் எழுதிய நிரலகங்கள் பலவற்றின்மேல் அது நிற்கிறது. விண்டோஸில் இவற்றை முன்கூட்டியே நிறுவிவைக்கும் பொதுவான ஏற்பாடு இல்லாததால், ஒவ்வொன்றின் மூலநிரலையும் பதிவிறக்கி, திருத்தங்களை ஒட்டி, விண்டோஸுக்காகக் கட்டும் முறை ஒன்றை விஎல்சியே வைத்திருக்கிறது. அதற்குத்தான் கான்ட்ரிப் என்று பெயர். அதன் கோப்புறைக்குள் ஒவ்வொரு நிரலகத்துக்கும் ஒரு விதிக்கோப்பும், பதிவிறக்கம் பழுதாகவில்லை என்று சரிபார்க்க எஸ்எச்ஏ512 கூட்டெண் கோப்பும் இருக்கும்.

எல்லாவற்றையும் நீங்களே கட்டினால் சாதாரண மடிக்கணினியில் பல மணிநேரம் ஆகும். வீடியோலேன் ஏற்கெனவே கட்டிவைத்த தொகுதியைப் பதிவிறக்கிப் பயன்படுத்தினால் சில நிமிடங்களில் முடியும். முதல்முறை ஆயத்தத் தொகுதியையே எடுங்கள். விஎல்சி கட்டப்பட்டு, ஓடி, ஒரு படத்தைக் காட்டிய பிறகு, தேவை இருந்தால் கான்ட்ரிப்பில் கைவையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் தொடங்கியவர்கள், பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பதையே அதிகம் காண்கிறேன்.

ஆயத்தத் தொகுதி, நீங்கள் எடுத்த மூலநிரலின் பதிப்புக்கும் கம்பைலருக்கும் பொருந்த வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. ஆண்டுக்கணக்கில் பழைய மூலநிரலோடு இன்றைய தொகுதியைச் சேர்த்தால், இணைப்பியின் பிழைகள் வரிசைகட்டி நிற்கும்.

நீங்களே கட்டும்போது அடிக்கடி வரும் தடை, கூட்டெண் பொருந்தாமை. விதிக்கோப்பில் உள்ள முகவரி மாறிப்போயிருந்தால், மூலநிரல் தொகுப்பு வரவேண்டிய இடத்தில் 'பக்கம் இல்லை' என்று சொல்லும் வலைப்பக்கம் வந்து அதே பெயரில் சேமிக்கப்பட்டிருக்கும். கோப்பின் அளவைப் பாருங்கள்: பல எம்பி இருக்க வேண்டியது வெறும் சில கேபி இருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கூட்டெண் கோப்பைத் திருத்தி அதை ஏமாற்றாமல், சரியான தொகுப்பைத் தேடியெடுத்து அந்த இடத்தில் வையுங்கள்.

கட்டும் வரிசை என்ன?

மூலநிரலின் 'எக்ஸ்ட்ராஸ்' கோப்புறைக்குள், 'பேக்கேஜ்' கோப்புறையில், 'வின்32' என்பதன் கீழே பில்டு ஸ்கிரிப்ட் ஒன்று இருக்கிறது. மேல்மட்டத்தில் தனிக் கோப்புறை ஒன்றை உருவாக்கி, அதற்குள்ளிருந்து இந்த ஸ்கிரிப்டை இயக்குவதே முறை. 'எச்' விருப்பத்தோடு முதலில் ஒருமுறை இயக்கினால், அந்தப் பதிப்பில் என்னென்ன விருப்பங்கள் உண்டு என்று அதுவே சொல்லிவிடும். ஆயத்த கான்ட்ரிப்பை எடுப்பதற்கான விருப்பத்தையும் அங்கே காணலாம். 'ஏ' விருப்பம் செயலகத்தைச் சொல்லும். 'ஆர்' விருப்பம் வெளியீட்டு நிலைக்கு மாற்றும். 'எல்' விருப்பம் மொழிபெயர்ப்புகளைச் சேர்க்கும். தமிழ் இடைமுகம் வேண்டுவோர் கடைசியில் சொன்னதை மறக்கக் கூடாது. நிறுவிக் கோப்பு வேண்டுமென்றால் 'ஐ' விருப்பம்.

ஸ்கிரிப்ட் உள்ளே செய்வது நான்கு கட்டங்கள். கணினியில் உள்ள கருவிகள் பழையவையாகவோ இல்லாமலோ இருந்தால் அவற்றை முதலில் கட்டிக்கொள்கிறது, பிறகு கான்ட்ரிப்பைத் தயார் செய்கிறது, கான்ஃபிகர் ஸ்கிரிப்டை உருவாக்கும் பூட்ஸ்ட்ராப்பையும் பிறகு கான்ஃபிகரையும் ஓட்டுகிறது, இறுதியில் மேக். முதல் கட்டத்தை அலட்சியமாகத் தாண்டுவோர், நாஸம் என்ற அசெம்பிளர் இல்லாமல் எஃப்எஃப்எம்பெக்கில் மாட்டிக்கொள்வார்கள். அதன் கான்ஃபிகர், அசெம்பிளி இல்லாமல் கட்டுவதற்கான விருப்பத்தைச் சொல்லும்போதே அதை 'முடமான பில்டு' என்று வெளிப்படையாக அழைக்கிறது. அந்தச் சொல்லை நம்புங்கள். நாஸமை நிறுவிவிட்டுத் தொடருங்கள்.

விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் போதுமா?

போதும், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் மூன்று பொறிகள் உண்டு. மூன்றும் விண்டோஸும் லினக்ஸும் ஒன்றோடொன்று கலப்பதால் வருபவை.

மூலநிரலை விண்டோஸின் சி வட்டில் வைத்துவிட்டு டபிள்யூஎஸ்எல்லிலிருந்து கட்டாதீர்கள். டபிள்யூஎஸ்எல் 2இல் அந்தப் பாதை ஒரு பிணைய நெறிமுறை வழியாகச் செல்வதால், ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தொடும் வேலை தள்ளாடும். லினக்ஸின் சொந்த முகப்புக் கோப்புறையில் வையுங்கள். விண்டோஸுக்கான கிட் மூலம் எடுத்த பிரதியை அங்கே நகலெடுத்து வைப்பதும் கூடாது: வரிமுடிவுகளை விண்டோஸ் முறைக்கு மாற்றும் அமைப்பு அதில் இயங்கிக்கொண்டிருந்தால், ஒவ்வொரு ஷெல் ஸ்கிரிப்டின் வரிமுடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொள்ளும். கண்ணெதிரே கோப்பு இருக்கும்போதே 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று முனையம் சாதித்தால், காரணம் அந்த எழுத்துதான்.

அடுத்தது 'பாத்' என்ற சூழல் மாறி, அதாவது கட்டளைகளைத் தேட வேண்டிய கோப்புறைகளின் பட்டியல். விண்டோஸின் பாதைகளையும் டபிள்யூஎஸ்எல் தன் பாதைப் பட்டியலின் கடைசியில் சேர்த்துக்கொள்கிறது. கான்ஃபிகர் தேடும் கருவி லினக்ஸில் இல்லாவிட்டால், விண்டோஸில் எப்போதோ நிறுவிய வேறொன்றை எடுத்துக்கொண்டு போய்விடும். அந்தப் பாதைகளில் இடைவெளி உள்ள கோப்புறைப் பெயர்களும் இருக்கும். மேக் கருவிக்கும் இடைவெளிக்கும் ஆகவே ஆகாது.

மூன்றாவதே நுட்பமானது. கான்ஃபிகர் ஒரு சோதனை நிரலைக் கம்பைல் செய்து, அது ஓடுகிறதா என்று பார்க்கும். சாதாரண லினக்ஸில் விண்டோஸ் நிரல் ஓடாது. ஆகவே 'நாம் குறுக்குக் கம்பைல் செய்கிறோம்' என்று அது சரியாகப் புரிந்துகொள்ளும். டபிள்யூஎஸ்எல்லிலோ விண்டோஸ் நிரல் ஓடிவிடுகிறது! இலக்கு அமைப்பை மட்டும் சொல்லி, கட்டும் அமைப்பைச் சொல்லாமல் விட்டிருந்தால், 'இது உள்ளூர்க் கம்பைல்தான்' என்று கான்ஃபிகர் முடிவு கட்டிவிடும். அதன்பின் வரும் சோதனைகளை எல்லாம் தவறான எண்ணத்தோடே நடத்தும். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் நிறுவப்பட்ட கணினியிலும் இதே கதை நடக்கலாம். இரண்டு அமைப்புகளையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். டபிள்யூஎஸ்எல்லின் அமைப்புக் கோப்பில் விண்டோஸ் நிரல்களை இயக்கும் வசதியையும் பாதை சேர்ப்பையும் நிறுத்திவிட்டு, டபிள்யூஎஸ்எல்லை முழுவதும் அணைத்துத் தொடங்குங்கள்.

பிழைச் செய்தி பக்கம் பக்கமாக ஓடுகிறது. எதைப் படிப்பது?

முதல் பிழையை. கடைசி வரி பெரும்பாலும் 'மேக் நின்றுவிட்டது' என்பதை மட்டுமே சொல்லும். இணையாகப் பல வேலைகள் ஓடும்போது ஒரு பிழையைத் தாண்டி மற்ற வேலைகளின் வெளியீடு இருபது முப்பது வரிகள் ஓடியிருக்கும். அதே மேக் கட்டளையை ஒரே வேலையாக மறுபடி இயக்கினால், உண்மையான பிழை திரையின் அடியிலேயே வந்து நிற்கும்.

கான்ஃபிகர் கட்டத்தில் தோற்றால், அது எழுதிவைக்கும் 'கான்ஃபிக் லாக்' கோப்பைத் திறங்கள். அதன் இறுதிப் பகுதி மாறிகளின் நெடிய பட்டியலாக இருக்கும். அதற்குச் சற்று மேலே, தோற்ற சோதனை நிரலும் கம்பைலர் சொன்ன காரணமும் அப்படியே பதிந்திருக்கும். 'கம்பைலர் இயங்கும் நிரலை உருவாக்கவில்லை' என்று திரையில் வந்த பொதுவான வாக்கியத்தை வைத்து அரைநாள் தேடிவிட்டு, இந்தக் கோப்பில் ஒரு விருப்பத்தின் பெயரைத் தவறாகத் தட்டியிருந்ததைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கே உண்டு.

நிரலகத்தை நிறுவியிருக்கிறேன், ஆனாலும் 'காணவில்லை' என்கிறதே?

நீங்கள் நிறுவியது லினக்ஸுக்கான நிரலகம். இங்கே தேவை விண்டோஸுக்கானது. இதற்கு நேர்மாறான தவறு இன்னும் மோசமானது: நிரலகங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லும் பேக்கேஜ்கான்ஃபிக் கருவி லினக்ஸ் நிரலகத்தின் விவரத்தை எடுத்துக் கொடுத்துவிட, கம்பைல் எல்லாம் நல்லபடி நடந்து, இணைக்கும் கட்டத்தில் 'கோப்பின் வடிவம் புரியவில்லை' என்று நிற்கும். இந்தக் கருவிக்குப் பாதை சொல்ல இரண்டு சூழல் மாறிகள் உண்டு. பெயரில் 'பாத்' என்று முடிவது, வழக்கமான பாதைகளோடு கூடுதலாக ஒன்றைச் சேர்க்கும். 'லிப்டிர்' என்று முடிவது, வழக்கமானவற்றை நீக்கிவிட்டு நீங்கள் சொன்னதை மட்டுமே பார்க்கும். குறுக்குக் கம்பைலுக்கு இரண்டாவதே பாதுகாப்பானது.

கட்டி முடித்தேன். விண்டோஸில் இரட்டைச் சொடுக்கினால் டிஎல்எல் இல்லை என்று வருகிறது.

அதில் சொல்லப்படும் பெயர் ஜிசிசி, ஸ்டாண்டர்டு சி++, வின்பீதிரெட் ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால், அவை கம்பைலரோடு வரும் துணை நிரலகங்கள். அவற்றை நிரலுக்குள்ளேயே நிலையாக இணைத்துவிடலாம், அல்லது அந்த டிஎல்எல் கோப்புகளை இஎக்ஸ்இ இருக்கும் இடத்தில் வைக்கலாம். எந்தக் கோப்பு எந்த டிஎல்எல்லைக் கேட்கிறது என்பதை ஆப்ஜ்டம்ப் கருவி லினக்ஸிலிருந்தே காட்டிவிடும்.

நிரல் திறந்தும் எந்தப் படமும் ஓடவில்லை என்றால் வேறு காரணம். விஎல்சியின் இஎக்ஸ்இ மிகச் சிறியது. லிப்விஎல்சி, லிப்விஎல்சிகோர் என்ற இரண்டு டிஎல்எல்களும், 'ப்ளகின்ஸ்' கோப்புறையில் உள்ள நூற்றுக்கணக்கான செருகுநிரல்களுமே எல்லா வேலையையும் செய்கின்றன. இஎக்ஸ்இயை மட்டும் எடுத்துப்போனவருக்கு ஒன்றும் ஓடாது. செருகுநிரல்களை மாற்றியபின் பழைய பட்டியல் கோப்பு அங்கேயே இருந்தாலும் குழப்பம் வரும். கூடவே வரும் கேஷ் உருவாக்கியை ஒருமுறை இயக்குங்கள்.

என் பில்டு அதிகாரப்பூர்வப் பதிப்பைவிடப் பல மடங்கு பெரிதாக இருப்பது ஏன்?

ஸ்கிரிப்டின் இயல்புநிலை பிழைதேடும் பில்டு. அதில் வரும் குறியீட்டுத் தகவல்களே அந்த எடை. வெளியீட்டு நிலைக்கு மாற்றி, தொகுப்பு உருவாக்கும் மேக் இலக்கைப் பயன்படுத்தினால் அவை உரிக்கப்பட்டுவிடும்.

எம்எஸ்விசிஆர்டி, யூசிஆர்டி: எதைத் தேர்வது?

முன்னது விண்டோஸில் நெடுங்காலமாக இருக்கும் சி இயக்க நிரலகம். பின்னது 2015இல் விண்டோஸ் 10உடன் வந்தது. பழைய விண்டோஸ் பதிப்புகளிலும் ஓட வேண்டுமென்றால் முன்னது ஏற்றது. எதைத் தேர்ந்தாலும், விஎல்சியும் கான்ட்ரிப் முழுவதும் அதே ஒன்றையே பயன்படுத்த வேண்டும். ஒன்றில் ஒதுக்கிய நினைவகத்தை மற்றொன்றில் விடுவித்தால், கம்பைலில் எந்த எச்சரிக்கையும் தராமல், படம் ஓடிக்கொண்டிருக்கும்போது நிரல் விழும்.

ஆர்ம் 64 பிட் விண்டோஸுக்கு?

எல்எல்விஎம்-மின்ஜிடபிள்யூ என்ற கம்பைலர் தொகுப்பைப் பயன்படுத்துங்கள். ஜிசிசியில் இந்த இலக்குக்கான ஆதரவு நெடுங்காலம் இல்லாமலே இருந்தது.

எம்பிவி என்ற இன்னொரு மீடியா ப்ளேயரைக் கட்டுவது இதைவிட எளிதா?

ஆம், கணிசமாக. எம்பிளேயர் மரபில் 2012இல் கிளைத்த எம்பிவி, மெசான் கட்டுமான முறையைப் பயன்படுத்துகிறது. எஃப்எஃப்எம்பெக், லிப்ப்ளசிபோ, லிப்ஆஸ் ஆகியவற்றை எம்எஸ்ஒய்எஸ்2இன் பேக்மேன் கருவியே ஆயத்தமாகத் தந்துவிடுவதால், விண்டோஸிலேயே சில நிமிடங்களில் கட்டிவிடலாம். அதன் யூசிஆர்டி64 முனையத்தைத் திறந்து வேலை செய்யுங்கள். வெறும் எம்எஸ்ஒய்எஸ் முனையத்தில் கட்டுவது வேறு வகை நிரல். முடிந்தபின் அந்த முனையத்துக்கு வெளியே ஓடாது என்றால், முன்பு சொன்ன டிஎல்எல் விஷயமே காரணம். கம்பைல் என்பதையே முதல்முறை செய்கிறீர்கள் என்றால் இதில் தொடங்கலாம்.

என் பில்டைப் பிறருக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், உரிமங்களை மதித்தால். விஎல்சி ப்ளேயர் ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பின் கீழ் உள்ளது; லிப்விஎல்சி எல்ஜிபிஎல் 2.1 அல்லது அதற்குப் பிந்தையது. பைனரியைக் கொடுத்தால், அதற்குரிய மூலநிரலையும் உங்கள் திருத்தங்களோடு கிடைக்கச் செய்ய வேண்டும். லிப்விஎல்சியை மூடிய செயலியில் சேர்ப்போர், எக்ஸ்264 போன்ற ஜிபிஎல் நிரலகங்கள் உள்ளே வராதபடி கான்ட்ரிப் பூட்ஸ்ட்ராப்பில் ஜிபிஎல்லை முடக்கும் விருப்பத்தைப் பயன்படுத்த வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கை 'நான்ஃப்ரீ' விருப்பத்தோடு கட்டினால் அதை எவருக்கும் கொடுக்கவே முடியாது; சொந்தக் கணினியோடு சரி. விஎல்சி என்ற பெயரும் கூம்புச் சின்னமும் வீடியோலேனின் வணிகக்குறிகள் என்பதால், மாற்றியமைத்த பதிப்புக்கு வேறு பெயரும் சின்னமும் வையுங்கள். கையொப்பமில்லாத நிறுவி என்பதால் ஸ்மார்ட்ஸ்கிரீன் எச்சரிக்கை பெறுநருக்குத் தோன்றும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புதிய மாற்றங்களை இழுத்தபின் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டுமா?

பொதுவாக வேண்டாம், மேக் மாறிய கோப்புகளை மட்டும் கட்டும். கான்ட்ரிப் கோப்புறையில் ஏதேனும் மாறியிருக்கிறதா என்று மட்டும் கிட் பதிவில் பாருங்கள்; மாறியிருந்தால் அந்த நிரலகங்களைக் கட்டியபின்பே விஎல்சிக்கு வர வேண்டும், அல்லது புதிய ஆயத்தத் தொகுதியை எடுக்க வேண்டும். கிளை மாறும்போது பழைய பில்டுக் கோப்புறையைப் பயன்படுத்தாமல், கிளைக்கு ஒன்றாகத் தனித்தனிக் கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். பிழை நுழைந்த மாற்றத்தைத் தேடிப் பதிவுகளுக்கிடையே முன்னும் பின்னும் தாவ வேண்டியிருந்தால், சிகேஷ் கருவியை முதலிலேயே நிறுவிவிடுங்கள்: ஒருமுறை கம்பைல் செய்த கோப்பு மாறாமல் திரும்ப வரும்போது, அது கம்பைலரை அழைக்காமல் சேமித்த விடையையே கொடுத்துவிடும்.